வராதவர்களைத் தேடிப்போன வட்டை விதானை

நிந்தவூர் நாவலடி வட்டையின் விதானை கச்சிமுகம்மது வாய்க்காலின் தலைமாட்டில் நின்று ஒருவனை ஏசினால், நடுக்கண்டத்தில் களை பிடுங்குகிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். அந்தக் குரலுக்காகத்தான் தன்னை விதானையாக வைத்தார்கள் என்று அவர் நம்பியிருந்தார். அது முழுவதும் சரியல்ல. 1976இல் அவரைத் தெரிவு செய்த கூட்டத்தில் வேறு எவரும் அந்த வேலையைக் கேட்கவில்லை.

வட்டை என்பது ஒரே வாய்க்காலில் தண்ணீர் பெறும் வயல்களின் தொகுதி. வயல்காரர் கூடித் தங்களுக்குள் ஒருவரை விதானையாக வைப்பார்கள். துருசு என்னும் மதகைத் திறந்து தண்ணீரைப் பங்கிடுவது, வேலி அடைப்பிப்பது, கட்டாக்காலியாகத் திரியும் மாடுகளைப் பிடித்துக் கட்டுவது எல்லாம் அவர் பொறுப்பு. அறுவடை முடிந்ததும் ஏக்கருக்கு இவ்வளவு என்று நெல் கொடுப்பார்கள். கச்சிமுகம்மது வாங்கிய நெல்லுக்கு மேலாகவே உழைத்தார். சுபஹுத் தொழுகை முடிந்து மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினால், தண்ணீர் பாய வரம்பில் வெட்டும் வக்கடைகளை ஒவ்வொன்றாக அவரே வெட்டி, அவரே அடைத்து, இடையில் நாலு பேரை ஏசி, வெயில் ஏறித்தான் வீடு திரும்புவார். வயல்காரன் தன் வக்கடையைத் தானே தொட்டால் அவருக்குப் பிடிக்காது.

இவ்வளவு பாடுபட்டும் 1980 சிறுபோகத்தில் வாலடிக்குத் தண்ணீர் போய்ச் சேரவில்லை. வாய்க்கால் முடிகிற இடத்திலுள்ள வயல்களை வாலடி என்பார்கள். மாரிப்போகம் மழையில் விளைந்துவிடும். சிறுபோகத்துக்குக் குளத்துத் தண்ணீரை விட்டால் வேறு வழி கிடையாது. கதிர் தள்ளவேண்டிய நேரத்தில் வாலடிப் பயிர் வைக்கோல் நிறமாகிவிட்டது. வயல்காரர் மாடுகளை அவிழ்த்துவிட்டு மேயட்டும் என்று கரையேறினார்கள்.

அடுத்த ஆண்டு மாசி மாதம் நடந்த போகக் கூட்டத்தில் நீர்ப்பாசன அதிகாரி சொன்னது இது: வரும் சிறுபோகமும் வாலடி காய்ந்தால், அதற்கடுத்த சிறுபோகத்திலிருந்து அந்தக் காணிகளுக்குத் தண்ணீர் அனுமதி கிடையாது. தலைமாட்டில் பெருங்காணி வைத்திருந்த ஷரிபுதீன் போடியார் எழுந்து, அதற்கு முன் விதானையை மாற்றிப் பார்க்கலாம் என்றார்.

"மாத்தத் தேவல்ல, போடியார்," என்றார் கச்சிமுகம்மது. "இந்தப் போகம் வாலடில ஒரு வயல் காஞ்சாலும் நானே மண்வெட்டிய வெச்சிட்டுப் போறன்."

கூட்டம் கைதட்டியது. என்ன செய்து வாலடிக்குத் தண்ணீர் கொண்டுபோவது என்பது மட்டும், வீட்டுக்கு நடந்த வழி முழுக்க யோசித்தும் அவருக்குப் பிடிபடவில்லை.

பங்குனியில் இமக்குலேற் வந்தாள். விவசாயிகள் ஒன்றுகூடித் தங்கள் வாய்க்கால்களைத் தாங்களே நடத்தக் கூட நின்று உதவ வேண்டும் என்று அரசாங்கம் படித்த இளைஞர்களைப் பழக்கி வட்டைகளுக்கு அனுப்பிய காலம். கல்முனைக் கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண். தகப்பன் யோசப் தச்சுப் பட்டறை வைத்திருந்தவர். பட்டம் முடித்து அவளுக்குக் கிடைத்த முதல் வேலை இதுதான். பஸ்ஸிலிருந்து இறங்கி, குடையும் கையுமாகக் கச்சிமுகம்மதுவின் வீட்டைக் கேட்டு வந்தவளை அவருடைய மனைவி ஹாஜறா உள்ளே கூப்பிட்டுப் பாய் போட்டாள்.

"தண்ணி கூட்டித் தருவாங்களா, மிஸ்?" என்று கேட்டார் கச்சிமுகம்மது.

"இல்ல, விதானையார். அது என்ட கையில இல்ல."

"துருசுக்குப் புதுக் கதவு?"

"அதுவும் இல்ல."

"வயல் வேல தெரியுமா?"

"தெரியா."

"அப்ப என்னத்துக்கு உங்கள அனுப்பின?"

"நீங்க செய்ய நினைக்கிறத நீங்க செய்து முடிக்கிற வரைக்கும் கூட நிக்க. நான் வழி சொல்ல மாட்டன். கேள்வி கேப்பன்."

கச்சிமுகம்மது தேநீரைக் குடித்து முடித்துவிட்டு வெளியே இறங்கினார். அன்று பின்னேரம் சந்தியில் தேநீர்க்கடை வைத்திருந்த ஜெமீலிடம் இதைச் சொன்னபோது ஜெமீல், "சம்பளம் குடுத்து ஆள் வெச்சா உன்னட்டக் கேள்வி கேக்கிற? பொலிசில இத சும்மாவே செய்வானுகளே, மச்சான்," என்றான்.

ஆனால் அவள் சொன்னபடி வாரம் தவறாமல் வந்தாள். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு துருசடியிலிருந்து வாலடிவரை அவரோடு நடந்தாள்.

"இந்த வக்கடைய ஆரு வெட்டின?"

"நான்."

"இத?"

"நான்தான்."

"அங்கால இருக்கிறத?"

"அதுவும் நான்தான், மிஸ். வேற ஆருக்குத் தெரியும்?"

"நீங்க காய்ச்சலில கிடந்தா?"

"தண்ணி நிண்டிரும்," என்றார் அவர், மிகுந்த பெருமையோடு. பத்தடி நடந்த பிறகுதான் தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. திரும்பி அவளைப் பார்த்தார். அவள் கொக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விதைப்புக்கு முன் சித்திரையில் அவர் வட்டைக் கூட்டம் கூட்டினார். நிந்தவூரில் ஒவ்வொருவரும் தாய்வழியாக ஒரு குடியைச் சேர்ந்தவர். ஒவ்வொரு குடிக்கும் பள்ளிவாசலில் பிரதிநிதியாக ஒரு மரைக்கார் உண்டு. கலியாணச் செய்தியானாலும் கந்தூரிச் சோறானாலும் மரைக்கார் வழியாகத்தான் வீடு வீடாகப் போகும். கச்சிமுகம்மதுவும் எப்போதும்போல மரைக்கார்மாரிடம் சொல்லி அனுப்பினார். மத்ரசா மண்டபம் நிறைந்தது. அவர் நீண்ட நேரம் பேசினார். முறை தவறித் தண்ணீர் எடுப்பவன் யாராக இருந்தாலும் விடமாட்டேன் என்றார். எல்லோரும் ஓம் ஓம் என்றார்கள். விதைப்புத் தண்ணீர் வந்த முதல் வாரமே தலைமாட்டில் மூன்று இடத்தில் வாய்க்காலை மறித்துக் கட்டியிருந்தார்கள். வாலடியில் சேறு மட்டுமே ஈரமாகியது.

அந்த வாரம் இமக்குலேற் வந்தபோது அவர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு இருந்தார்.

"கூட்டத்தில ஆரு கதைச்ச, விதானையார்?"

ஹாஜறா அடுப்படியிலிருந்தே சிரித்தாள். "அத ஏன் கேக்காய், தங்கச்சி. அக்கரைப்பத்து பஸ்ஸில போன ஆக்களுக்கும் கேட்டிரிக்கும்."

"நீ சும்மா இரி கா," என்றார் அவர். "மிஸ், விதானை கதைக்காம ஆரு கதைக்கிற?"

"சரி. ஆரு வரல்ல?"

"எல்லாரும் வந்த." அவர் விரலை மடக்கிக் குடி குடியாகச் சொல்லத் தொடங்கினார். இந்தக் குடியில் இன்னார் இன்னார், அந்தக் குடியில் மரைக்காரும் மருமக்களும். ஒரு குடியும் தப்பவில்லை. கையை விரித்துக் காட்டினார்.

அவள் தலையாட்டினாள். "வாலடியில வயல் செய்யிற ஆக்கள்ல ஆரு வந்த?"

அவர் மறுபடி விரலை மடக்கப் போனார். கட்டைவிரல் மடங்காமல் அப்படியே நின்றது.

வாலடிக் காணி விலை குறைந்தது. பிந்தி வந்தவர்களும் வேறு வழியில்லாதவர்களும் வாங்கிய காணி அது. கலந்தர் பொத்துவில் பக்கத்திலிருந்து குடியேறியவர். அவருடைய குடிக்கு இந்த ஊர்ப் பள்ளியில் மரைக்கார் கிடையாது. தங்கராசா காரைதீவுத் தமிழர். அவருக்குப் பள்ளிவாசலோடு தொடர்பே இல்லை. சுபைறா கணவனை இழந்தவள். சீதனமாக வந்த வயலைக் கூலிக்கு ஆள் பிடித்துச் செய்விப்பவள். அவளுடைய குடியில் மரைக்கார் இருந்தார், ஆனால் கூட்டத்துக்கு ஆண்களைத்தான் கூப்பிடுவார். மற்ற வாலடிக்காரரும் ஏறக்குறைய இப்படித்தான். ஐந்து ஆண்டு விதானையாக இருந்து அவர் கூட்டிய ஒவ்வொரு கூட்டத்துக்கும் தண்ணீர் போய்ச் சேராத ஆட்களுக்குச் சொல்லே போய்ச் சேரவில்லை.

"கந்தூரிக்குக் கூப்பிட்ட மாதிரியல்லவா கூப்பிட்டிரிக்கன்," என்றார் கச்சிமுகம்மது, தனக்குத்தானே. "தண்ணிக்குக் குடி தெரியுமா?"

இமக்குலேற் உடனே எழுந்தாள். "வாங்க, இப்பவே அவங்களிட்டப் போவம். நான் கதைக்கிறன்." வாசல்வரை போனவள் நின்று, திரும்பி, பாயில் உட்கார்ந்துவிட்டாள். "இல்ல. பிழையாச் சொல்லிற்றன். நான் கதைக்கப்படா."

"ஓம்," என்றார் அவர். "இது என்ட வேல. நீங்க ஹாஜறாவோட இரிங்க."

முதலில் கலந்தரிடம் போனார். கலந்தர் முற்றத்தில் ஏருக்குக் கொழு பொருத்திக்கொண்டிருந்தவர் எழும்பவில்லை.

"விதானையார் என்ட வாசலுக்கா? யாரு மாடு யாரு வயலுக்குள்ள போன?"

"மாடு இல்ல, கலந்தர். வாய்க்கால் கூட்டத்துக்குச் சொல்ல வந்த."

"நான் எந்தக் குடியில வந்து இரிக்கிற?"

"குடியில இல்ல. வாலடியில."

கலந்தர் கொழுவைக் கீழே வைத்தார். காரைதீவில் தங்கராசா அவரைக் கண்டதும் கதிரையைத் துடைத்துப் போட்டு, அண்ணனைக் கூப்பிடுவதுபோலக் காக்கா என்றே கூப்பிட்டார். "எப்ப விதைப்பு, எப்ப தண்ணி எண்டு ஒருத்தரும் எனக்குச் சொல்றல்ல, காக்கா. அங்கால ஆக்கள் உழுறதப் பாத்து நானும் உழுவன். நீங்க சொல்லி வந்தது இதுதான் முதல்," என்றார். அதில் குற்றச்சாட்டு எதுவும் இல்லாததுதான் கச்சிமுகம்மதுவைச் சுட்டது.

சுபைறா கதவுக்குப் பின்னால் நின்று பேசினாள். "போன போகம் என்ட வயல்ல மாடு மேயக்குள்ள நீங்க வரம்பில நிண்டு பாத்த, விதானையார். நான் பாத்த. எனக்குக் கூட்டம் வேணாம். தண்ணிதான் வேணும்."

"தண்ணி எப்பிடிக் கொண்டு வாற எண்டு எனக்குத் தெரியா, தங்கச்சி."

வட்டை விதானையின் வாயிலிருந்து அந்தச் சொல்லை அந்த ஊரில் அதுவரை எவரும் கேட்டதில்லை. "தெரியாட்டி வாறன்," என்றாள் சுபைறா.

இந்தக் கூட்டத்தைத் துருசடியிலேயே வைப்பது என்று முடிவாயிற்று. தலைமாடு, நடுக்கண்டம், வாலடி என்று வயல் இருக்கிற வரிசையில் ஆட்கள் இருப்பார்கள். மிஞ்சியது ஒரே ஒரு கஷ்டம். கச்சிமுகம்மது வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். அதை அவரேதான் சொன்னார்.

"எனக்குப் பழக்கமில்ல, மிஸ். ஒருத்தன் பிழையாக் கதைச்சா நாக்கு நிக்காது."

"எங்க பழகிப் பாக்கலாம்?"

அவர் யோசித்தார். அன்று பின்னேரம் ஹாஜறாவைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். மகளுடைய கலியாணத்துக்குக் கட்டத் தொடங்கிய வீட்டில் சமையலறை எந்தப் பக்கம் வரவேண்டும் என்று கேட்டார். "நீ என்ன நெனைக்காய்?"

ஹாஜறா எழுந்து வந்து அவருடைய நெற்றியில் கை வைத்தாள். "உங்களுக்குக் காய்ச்சலா?"

"இல்ல. சொல்லு."

அவள் சொன்னாள். சமையலறையில் தொடங்கி, கிணறு, மாட்டுக் கொட்டில், அவர் மூன்று ஆண்டுக்கு முன் வெட்டிவிட்ட முருங்கை மரம் என்று போய்க்கொண்டே இருந்தாள். அவர் நாலு தடவை வாயைத் திறந்தார், நாலு தடவையும் மூடினார். அவள் சொன்னபடி சமையலறையைக் கிழக்கே வைத்தால் புகை வீட்டுக்குள் வராது என்பது, அஸருக்குப் பாங்கு சொல்லும்போது அவருக்கு விளங்கியது. மறுவாரம் இமக்குலேற் வந்தபோது ஹாஜறா அவளுக்கு வட்டிலப்பம் செய்து வைத்திருந்தாள். "தங்கச்சி, நீ ஒரு இருவது வருசம் முந்தி வந்திரிக்கலாமே."

துருசடிக் கூட்டம் நடந்த காலையில் காற்று நன்றாக வீசியது. ஆட்கள் வாய்க்கால் கட்டில் வரிசையாக இருந்தார்கள். சுபைறா முக்காட்டை இழுத்துவிட்டு, ஹாஜறாவுக்குப் பக்கத்தில், வாலடி ஆட்களின் வரிசைத் தலைப்பில் இருந்தாள். கச்சிமுகம்மது எழுந்து, வாலடிக்குத் தண்ணீர் போகவேண்டும் என்பதை மட்டும் சொல்லி, "எப்பிடி எண்டு நீங்கதான் சொல்லணும்," என்று உட்கார்ந்துவிட்டார்.

ஷரிபுதீன் போடியார் வெற்றிலையைத் துப்பினார்.

"என்ன விதானை, பொம்புளப் புள்ளட்டப் பாடம் படிச்சுத் தொண்டை அடைச்சுப் போச்சா?"

சிரிப்பு எழுந்தது. கச்சிமுகம்மது ஏச வாயெடுத்தார். அவர் இமக்குலேற்றைப் பார்த்தார். அவள் குடைக்குக் கீழே தண்ணீரைப் பார்த்தபடி இருந்தாள், உதவிக்கு வரவில்லை. அவர் மூச்சை விட்டார்.

"ஓம், போடியார். படிச்சுக்கிட்டுத்தான் இரிக்கன். உங்கட வயல் நனையிறதுக்கு எத்தின நாள் தண்ணி வேணும்?"

போடியார் இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. "ரெண்டு நாள் விட்டாப் போதும்," என்றார்.

"சுபைறா தங்கச்சி, உங்களுக்கு?"

"எனக்கும் ரெண்டு நாள்தான். ஆனா அந்த ரெண்டு நாள் எந்த மாசம் வரும் எண்டுதான் தெரியா."

இந்த முறை சிரிப்பு வேறு பக்கத்திலிருந்து வந்தது. அதற்குப் பிறகு பேச்சு தானாக ஓடியது. தங்கராசாதான் சொன்னார்: தண்ணீர் திறந்ததும் முதலில் வாலடிக்கு விட்டால் என்ன? வாய்க்கால் நிறைய வரும்போது வால்வரை போகும். பிறகு நடுக்கண்டம், கடைசியாகத் தலைமாடு. தலைமாடு துருசுக்குப் பக்கத்தில்தானே, கடைசிச் சொட்டும் அங்கே வந்துவிடும்.

"என்ட வயலத் தாண்டித் தண்ணி போறதப் பாத்துக்கிட்டு நிக்கச் சொல்றீங்களா?" என்றார் போடியார்.

"நாங்க இவ்வளவு காலமும் தண்ணி வராததப் பாத்துக்கிட்டு நிண்டம், போடியார்," என்றார் கலந்தர். "தண்ணி ஓடுறதப் பாக்கிற அதவிடச் சுகம்."

கச்சிமுகம்மது இடையில் வரவில்லை. போடியாரின் முகத்தை மட்டும் பார்த்தார். கோபத்துக்குப் பின்னால் வேறு ஏதோ இருந்தது. "உங்களுக்கு என்ன பயம், போடியார்?" என்று மெதுவாகக் கேட்டார்.

போடியார் வாய்க்காலைக் கையால் காட்டினார். "என்ட காணி மூலையில கட்டு அரிச்சுக் கிடக்கு. நிறையத் தண்ணி விட்டா அது உடைஞ்சு என்ட பயிரத்தான் மூடும். அதனாலதான் நான் மேலயே மறிச்சுக் கட்டுற. சும்மா கள்ளத்தனத்துக்கு இல்ல."

அந்த அரிப்பைக் கச்சிமுகம்மது ஒவ்வொரு போகமும் தனியாளாக மண் வெட்டிப் போட்டு மூடிவந்தவர். போட்ட மண் ஒவ்வொரு போகமும் போய்விடும். ஒருவரிடமும் சொல்லாமல் ஒரு விதானை தன் தோளில் சுமந்த வேலை, கூடியிருந்த அத்தனை பேரும் சேர்ந்தால் ஒரு காலை வேலை. சனிக்கிழமை வருவோம் என்று வாலடிக்காரர் முதலில் சொன்னார்கள். சனிக்கிழமை நடுக்கண்டத்தாரும் வந்தார்கள். தங்கராசா ஒரு வண்டி கல் கொண்டுவந்தார். போடியார் வீட்டிலிருந்து எல்லோருக்கும் சோறு வந்தது. கட்டு நின்றது. அடுத்த தண்ணீர் வாலடி எல்லைக்கல்லைத் தொட்டது. அதைப் பார்க்கக் கலந்தர் தன் வரம்பில் குந்தியிருந்தார், வீட்டுக்குப் போகச் சொல்லியும் போகவில்லை.

ஆனி மாதம் சோதனை வந்தது. குளத்து மட்டம் இறங்கிவிட்டது என்று தண்ணீர் விடும் நாட்களைக் குறைத்தார்கள். பயிர் குடலை கட்டி, கதிர் வெளிவரக் காத்து நின்ற நேரம். ஒரு முறை தண்ணீர் தப்பினால் கதிர் பதராகும். இமக்குலேற் பயிற்சி வகுப்புக்கென்று அம்பாறைக்குப் போயிருந்தாள்.

வாலடி முறை நடந்துகொண்டிருந்த காலையில், போடியாரின் வயலில் வக்கடை ஒன்று திறந்து தண்ணீர் உள்ளே பாய்வதைக் கச்சிமுகம்மது கண்டார். வேலையாள் ஒருவன் மண்வெட்டியோடு நின்றான். அவ்வளவுதான். பழைய ஆள் திரும்பி வந்துவிட்டார். "யார்ரா அது வக்கடையில கை வெச்ச," என்று அவர் போட்ட சத்தத்தில் நாவல் மரத்துக் காகங்கள் கலைந்தன. மண்வெட்டியை ஓங்கிக்கொண்டு ஓடினார். வாலடியிலிருந்து கலந்தரும் இரண்டு பேரும் கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். போடியார் தன் வாடிக் குடிசையிலிருந்து இறங்கினார். இன்னும் இரண்டு சொல் விழுந்தால் சனிக்கிழமை கட்டியதெல்லாம் போய்விடும்.

கச்சிமுகம்மது வக்கடைக்கு வந்து, அதை அடைக்கக் குனிந்தார். அப்போதுதான் வயல் கண்ணில் பட்டது. மூலைத்துண்டு மேட்டு நிலம், பாளம் பாளமாக வெடித்திருந்தது. அவர் நிமிர்ந்தார். மண்வெட்டியைக் கீழே போட்டார்.

"நான் சத்தம் போட்டது பிழை, போடியார். இந்தத் துண்டுக்கு என்ன நடந்த?"

"பிந்தி விதைச்ச," என்றார் போடியார், முகத்தைத் திருப்பிக்கொண்டு. "முதல் விதைச்சது முளைக்கல்ல. சொன்னா வெக்கம் எண்டு சொல்லல்ல. என்ட முறை வாறதுக்குள்ள செத்திரும்."

"உங்கட முறையும் இல்ல, என்ட தண்ணியும் இல்ல. இது இண்டைக்கு வாலடிட தண்ணி. அவங்களிட்டக் கேளுங்க."

ஷரிபுதீன் போடியார் அந்த வட்டையில் யாரிடமும் எதையும் கேட்டவர் அல்ல. கலந்தர் கையிலிருந்த பொல்லுத்தடியோடு நின்றார். அந்தக் கொஞ்ச நேரத்தில் கச்சிமுகம்மதுவுக்கு இரண்டு தரப்புக்கும் தீர்ப்புச் சொல்ல நாக்கு துடித்தது. சொல்லவில்லை. கடைசியில் போடியார் கலந்தரைப் பார்த்துச் சொன்னார்: "தம்பி, எனக்கு அரை நாள் தண்ணி தருவியளா?"

கலந்தர் சுபைறாவின் வீட்டுக்கு ஆள் அனுப்பினார். அன்றைய முறை அவளுடையது. சுபைறா வரம்பு வழியாக வந்தாள். வெடித்த துண்டைக் காலால் தடவிப் பார்த்தாள். போன ஆண்டு தன் வயலும் இப்படித்தான் கிடந்தது என்று அவள் சொல்லவில்லை. "அரை நாள் எடுங்க, போடியார்," என்றாள். "பின்னேரம் வக்கடைய அடைச்சிருங்க. மறந்தா நான் வந்து வாடியில குந்துவன்."

பின்னேரத்துக்கு முன்பே அடைத்துவிட்டார் என்பதைச் சொல்ல வேண்டும். போடியாரே மண்வெட்டி பிடித்தார்.

இமக்குலேற் திரும்பி வந்து இதைக் கேட்டபோது, "நான் இல்லாத நேரத்தில என்ன செய்த, விதானையார்?" என்றாள்.

"முதல்ல கத்தின. மறுகா கேட்ட."

"எது கஷ்டம்?"

"கத்தினதுக்குப் பொறகு கேக்கிறது," என்றார் அவர். இனித் தான் அந்த வட்டைக்கு வாரம் ஒரு முறை வரத் தேவையில்லை, மாதம் ஒரு முறை போதும் என்று இமக்குலேற் சொன்னாள். ஹாஜறாதான் அதற்குச் சண்டை பிடித்தாள்.

ஆவணி பிறக்குமுன் வாலடியில் அறுவடை தொடங்கியது. மாடு மேய்ந்த வயலில் நிறைகதிர் சாய்ந்து கிடந்தது. களத்தில் முதல் குவியல் சுபைறாவுடையது. அவள் விதானைக்குரிய நெல்லை அளந்துவிட்டு, அதன் மேல் இரண்டு கை நிறைய அள்ளிப் போட்டாள். "இது முறைக்கு மேல," என்றார் அவர். "ஓம், தெரிஞ்சுதான் போட்ட," என்றாள். கலந்தரின் வயலில் தலைமாட்டுக்காரரின் ஆட்களும் வந்து அறுத்தார்கள். வாலடியில் ஒரு வயலும் காயவில்லை. அந்தப் போகம் வாய்க்காலில் கச்சிமுகம்மது தன் கையால் வெட்டிய வக்கடை மிகக் குறைவு. ஒவ்வொரு வயல்காரரும் தன் முறைக்குத் தானே வந்து நின்றார். நடுவில் அவர் மூன்று நாள் காய்ச்சலில் படுத்தார். தண்ணீர் நிற்கவில்லை.

அடுத்த சிறுபோகத்துக்கான கூட்டம் 1982 மாசியில் கல்முனையில் நடந்தது. பல வட்டைகளின் விதானைமாரும் போடிமாரும் வந்திருந்தார்கள். மற்ற வட்டைகளிலிருந்து விதானையும் இரண்டு பெரியவர்களும் வந்தார்கள். நாவலடி வட்டை ஒரு பஸ்ஸில் வந்தது. இடம் போதாமல் கலந்தர் மிதிபலகையில் நின்று வந்தார். மண்டபத்தில் அவர்கள் தலைமாடு, வாலடி என்று பாராமல் அகப்பட்ட வாங்குப் பலகைகளில் இருந்தார்கள். இமக்குலேற் பின்சுவரோடு நின்றாள்.

அதிகாரி தாளைப் பார்த்து, நாவலடி வாலடிக் காணிகளைப் பற்றிப் போன ஆண்டு சொன்னதை நினைவுபடுத்தினார். "வாலடிக்காக யார் பேசுவது? விதானையா?"

கச்சிமுகம்மது எழும்பவில்லை. சுபைறா எழுந்தாள். மண்டபத்தில் இருந்த ஆண்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் முக்காட்டைச் சரிசெய்துவிட்டு, "வாலடி முழுக்க வெளைஞ்ச, ஐயா," என்றாள். "இந்த முறையும் வெளையும். நம்பாட்டி வந்து பாருங்க, சோறு தாறம்."

"அது சரி," என்று ஷரிபுதீன் போடியார் இருந்த இடத்திலிருந்தே சொன்னார். "தலைமாட்டுக்காரன் நான் சொல்றன். எழுதிக்குங்க."

அதிகாரி வாலடிக் காணி முழுவதையும் அனுமதித்து எழுதினார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அந்தப் பெரிய வாய்க்காலில் தண்ணீர் பெறும் எல்லா வட்டைகளும் இப்படி முறை வைக்க வேண்டும், மற்ற விதானைமாருக்கு அதைப் பழக்க ஓர் ஆள் வேண்டும், கச்சிமுகம்மது அந்தப் பொறுப்பை எடுப்பாரா என்று கேட்டார். நாவலடி விதானை வேலையையும் விடவேண்டியதில்லை என்றார்.

மற்ற வட்டைக்காரர்கள் அவர் உடனே ஓம் என்பார் என்று எதிர்பார்த்தார்கள். ஐந்து ஆண்டுக்கு முன்னாலென்றால் அதிகாரி கேட்டு முடிக்குமுன் சொல்லியிருப்பார்.

"எனக்கு விருப்பம், ஐயா," என்றார் கச்சிமுகம்மது. "ஆனா வாரத்தில பாதி நாள் நான் வெளிய போனா வாய்க்கால் இவங்கட தலையில விழும். இவங்களக் கேக்காம நான் சொல்லேலா." அவர் தன் ஆட்களின் பக்கம் திரும்பினார். "என்ன சொல்றீங்க? விருப்பமில்லாட்டி ஒளிக்காமச் சொல்லுங்க."

முதலில் உயர்ந்தது ஷரிபுதீன் போடியாரின் கை. அதற்குப் பிறகு யார் முதல், யார் பிறகு என்று சொல்ல முடியாதபடி வாங்கு வாங்காகக் கைகள் உயர்ந்தன. ஹாஜறா தனக்கு வயல் இல்லை என்பதை மறந்து கையைத் தூக்கினாள். தங்கராசா இரண்டு கைகளையும் தூக்கினார். ஒருவருக்கு ஒரு கைதான் கணக்கு என்று சொல்லி, கலந்தர் அதில் ஒன்றைப் பிடித்துக் கீழே இறக்கினார்.